நண்பனுக்கு எழுதிய காதல் கடிதங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பாஸ்டனில் ஆராய்ச்சி மாணவன். பக்கத்து ஆய்வகத்தில் ஒரு பெண், மலையாளி. என் வீட்டருகே ஒரு தேவாலயக் கூடத்தில் சனிக்கிழமைகளில் காண்ட்ரா நடனம் (ஜோடிகள் வரிசையாக நின்று ஆடும் நாட்டுப்புற நடனம்) நடக்கிறது. யார் வேண்டுமானாலும் போகலாம். அவளை அதற்கு அழைக்க வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கையால் கடிதம் எழுதிக் கொடுத்தால் நாடகத்தனமாக இருக்குமா? வாட்ஸப்பில் கேட்பது மலிவாகப் படுகிறது. எனக்கு ஆடவும் தெரியாது. கடிதம் எழுதி, நடனத்துக்கு அழைத்துக் காதலித்த அந்தக் காலத்து அழகு இன்று ஏன் இல்லாமல் போனது?

எஸ்.

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் நாலு பக்கம். மேலே போட்டிருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு இருக்காது. அந்தப் பெண் ஆய்வகக் கதவைத் தோளால் தள்ளித் திறப்பதையும், யாராவது தப்பாகப் பேசினால் உடனே மறுக்காமல் ஜன்னல் பக்கம் பார்ப்பதையும் நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இரண்டாம் முறை படித்தபோதுதான் எரிச்சல் வந்தது. இதையெல்லாம் எனக்கு ஏன் எழுதுகிறீர்கள்?

ஆடத் தெரியாது என்பதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. காண்ட்ராவில் மேடையில் நிற்பவர் அடுத்த அசைவைச் சொல்லிக்கொண்டே இருப்பார். பெரும்பாலான இடங்களில் புதியவர்களுக்கு முன்கூட்டியே சொல்லியும் கொடுப்பார்கள். எல்லோரும் தடுமாறுவார்கள், நீங்களும் தடுமாறுவீர்கள். சரி, அது முடிந்தது. அந்தக் காலத்து அழகு என்றீர்களே, அதற்கு வருகிறேன்.

கொஞ்ச நாளாகத் தாமஸ் ஜெஃபர்சனின் இளமைக்காலக் கடிதங்களைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சுதந்திரப் பிரகடனம் எழுதியவர், பிற்பாடு அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி ஆனவர். அதற்கெல்லாம் முன்னால், வர்ஜீனியாவின் அன்றைய தலைநகரான வில்லியம்ஸ்பர்க்கில் சட்டம் படித்துக்கொண்டிருந்த 19 வயதுப் பையன். ரெபெக்கா பர்வெல் என்ற பெண்மீது ஆசை. அவள் தன் கையால் வெட்டிக்கொடுத்த ஒரு காகிதத்தைச் சட்டைப்பைக் கடிகாரத்தின் மூடிக்குள் வைத்திருந்தார். 1762 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது கூரை ஒழுகி, ராத்திரியோடு ராத்திரியாகக் கடிகாரம் தண்ணீரில் மிதந்துவிட்டது. ஈரக் காகிதத்தை எடுக்கப் போய்த் தன் விரல்களாலேயே கிழித்துவிட்டார். அதே ராத்திரி, தலைமாட்டில் இருந்த பையை எலி தின்றது. புதிதாக வாங்கிய ஆறு மினியுவே இசைத்தாள்களையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மினியுவே என்பது ஒரு நேரத்தில் ஒரே ஜோடி, சபை முழுக்கப் பார்த்திருக்க ஆடும் நடனம். பையன் எதற்காகத் தயாராகிக்கொண்டிருந்தான் என்று புரிகிறதல்லவா?

படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் இந்தக் கடிதம் ரெபெக்காவுக்கு எழுதியது அல்ல. ஜான் பேஜ் என்ற நண்பனுக்கு எழுதியது. வேறொரு காகிதம் வெட்டித் தரச்சொல்லி அவளிடம் கேட்கத்தான் ஆசை, கெடுத்தவனுக்கு மறுபடியும் கேட்க என்ன துணிச்சல் என்று நினைத்துவிடுவாளோ என்று அதையும் பேஜிடமே புலம்புகிறார். வெறும் வட்டமாக வெட்டிக் கொடுத்தாலும் போதுமாம். இந்த வரியை அவளுக்கு எழுதியிருந்தால் என்ன?

அவளுக்குப் புனைபெயர்கள் வேறு. பெலிண்டா என்பார். அதையே திருப்பிப் போட்டு, கிரேக்க எழுத்தில் எழுதுவார். கப்பல் கட்டி அதற்கு ரெபெக்கா என்று பெயர் வைத்து இங்கிலாந்து, ஹாலந்து, பிரான்ஸ், இத்தாலி, எகிப்து எல்லாம் சுற்றப்போவதாக ஒரு கடிதம். இத்தாலியில் நல்ல பிடில் ஒன்று வாங்குவாராம். இரண்டு மூன்று வருஷப் பயணம், அதற்குள் காதல் நோய் தீர்ந்துவிடும் என்று பேஜையும் கூட வரச்சொல்கிறார். பேஜ் புத்திசாலி. உடனே போய் முற்றுகையிடு என்கிறான். தோற்பதானால் சீக்கிரம் தெரிவதே நல்லது, ஆற்றிக்கொள்ள ஆயுளில் அவ்வளவு கூடுதல் நாள் கிடைக்கும் என்று அவனுக்கு அழகாகப் பதில் எழுதுகிறார். எழுதிவிட்டு, போகாமல் இருக்கிறார்.

1763 அக்டோபர். வில்லியம்ஸ்பர்க்கில் ராலே விடுதியின் அப்பல்லோ அறையில் நடனம். ஒருவழியாகப் பெலிண்டாவோடு ஆடிவிட்டார். சொல்ல வேண்டியதையெல்லாம் முன்கூட்டியே மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறார். வாயைத் திறந்தால் உடைந்த நாலு வாக்கியம், நடுவில் நீண்ட நீண்ட மௌனம். மறுநாள் காலை அந்தத் தோல்வியைப் பிசிறில்லாத உரைநடையில் எழுதுகிறார். யாருக்கு? பேஜுக்கு.

அடுத்த முறை பார்த்தபோது கொஞ்சம் தேறிவிட்டார், பேச்சு வந்தது. ஆனால் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி எதையும் தான் கேட்கவில்லை என்று அவரே பேஜுக்கு எழுதுகிறார். அப்படிப்பட்ட கேள்வி ஒருநாள் வரும் என்று மட்டும் அவளிடம் சொல்லி வைத்தாராம். எஸ்., இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வராந்தாவில் இரண்டு நடை நடந்தேன். ஒரு பெண்ணிடம், பிற்பாடு ஒரு கேள்வி வரும், காத்திரு என்று சொல்வது எவ்வளவு பெரிய திமிர்! அதைக் கூச்சம் என்று நாம் செல்லமாகச் சொல்லிக்கொள்கிறோம். 1764-இல் அவள் ஜாக்குலின் ஆம்ப்ளர் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். நம்மவருக்குத் தலைவலி. அதையும் இன்னொரு நண்பனுக்கு எழுதினார். வாழ்நாளில் 18,000-க்கும் மேல் கடிதம் எழுதிய மனிதர். ரெபெக்காவுக்கு எழுதியது என்று நம் கையில் ஒன்றுகூட இல்லை.

நண்பனுக்கு எழுதுவது சுகம். ஏனென்றால் நண்பன் 'மாட்டேன்' என்று சொல்ல முடியாது. நானும் அந்த ஆள்தான். 1980-களில் தஞ்சாவூரில் இருந்த ஒரு நண்பனுக்கு, என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணைப் பற்றி இன்லண்ட் லெட்டரின் ஒட்டும் மடிப்பு வரைக்கும் பொடி எழுத்தில் எழுதித் தள்ளியிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் நான் பேசிய மிக நீண்ட வாக்கியம், "ஸ்டேப்ளர் இருக்கா?" போன வருஷம் வீடு மாற்றும்போது நண்பன் அந்தக் கடிதக் கட்டை எடுத்து வந்து கொடுத்தான். இருபத்துமூன்று கடிதங்கள். என் மனைவி இரண்டை எடுத்துப் படித்துவிட்டு, "அப்பல்லாம் கையெழுத்து நல்லாத்தான் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

அந்தக் காலத்து அழகு என்று இன்னொருமுறை எழுதாதீர்கள். ராலே விடுதியின் உள்ளே நடனம் நடந்தது, அதே விடுதியின் வாசலில் அடிமைகளை ஏலம் விட்டார்கள்.

இந்தக் கதைக்கு ஒரு வால் இருக்கிறது. ரெபெக்காவின் மகள் மேரி, வீட்டில் பாலி. அவள் யார்க்டவுனில் ஒரு நடனத்துக்குப் போனாள். நடனப் பள்ளிக்குக்கூடப் போகாத சின்னப் பெண். அங்கே வரப்போகிற ராணுவக்காரனைத் தனக்கென்று பார்த்து வைத்துவிட்டதாக அக்காதங்கைகளிடம் முன்கூட்டியே அறிவித்துவிட்டாள். வந்தவன் உடையிலும் நடையிலும் எந்த நயமும் இல்லாத ஆள். மற்றப் பெண்களுக்கு ஏமாற்றம், இவளுக்கு இல்லை. 1783-இல் கல்யாணம். அந்த ஆள்தான் ஜான் மார்ஷல், பிறகு அமெரிக்காவின் தலைமை நீதிபதி. 1801-இல் ஜெஃபர்சனுக்கு ஜனாதிபதிப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் அவர்தான். இருவருக்கும் கடைசிவரை ஆகவில்லை.

தாளா, வாட்ஸப்பா என்று கேட்டிருந்தீர்கள். எதுவாக இருந்தால் என்ன? எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு, வருகிறீர்களா என்று எழுதுங்கள். வரவில்லை என்று அவர் சொல்லவும் அதில் இடம் இருக்கட்டும். ஜன்னல் பக்கம் பார்ப்பதைப் பற்றி இப்போது எதுவும் வேண்டாம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் அவர் பெயர் பதினான்கு இடத்தில் வருகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் பிரசுரித்திருக்கிறேன். அவருக்கு எழுதும்போது ஒரு தடவை போட்டால் போதும்.