விட்சர் நான்காம் பாகத்துக்கு முன்பணம் கட்டலாமா? அதுவரை எதை விளையாடுவது?

வாசகர் கேள்வி: "விட்சர் மூன்றாம் பாகத்தை அதன் இரண்டு கூடுதல் கதைகளுடன் முடித்துவிட்டேன். நான்காம் பாகத்துக்காகக் காத்திருக்கிறேன். டெலிகிராமில் ஒருவர், இப்போது 1,200 ரூபாய் கட்டினால் பீட்டா சோதனையில் சேர்த்துவிடுவதாகவும், வெளியாகும் நாளிலேயே முழு விளையாட்டையும் தருவதாகவும் சொல்கிறார். கட்டலாமா? அதுவரை தனியாக விளையாடத் தரமான ரோல் பிளேயிங் விளையாட்டுகள் எவை? எனக்கு இரவில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். லேப்டாப் பழையது, ஜிடிஎக்ஸ் 1650, 4 ஜிபி கிராஃபிக்ஸ் நினைவகம், 16 ஜிபி ரேம்."

கட்டாதீர்கள். அவர் விற்பதாகச் சொல்லும் பொருள் இன்று அவரிடம் மட்டுமல்ல, எந்தக் கடையிலும் இல்லை. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் புதிய விட்சர் வரிசையை 2022 மார்ச்சில் அறிவித்தது. 2024 டிசம்பரில் கேம் அவார்ட்ஸ் விழாவில் மூன்றாம் பாக நாயகன் கெரால்டின் வளர்ப்பு மகளான சிரியை நாயகியாகக் காட்டும் முன்னோட்டத்தை வெளியிட்டது. 2026 முடிவதற்குள் விளையாட்டை வெளியிடும் திட்டம் இல்லை என்பதையும் அந்த நிறுவனமே முதலீட்டாளர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2025 ஜூனில் வந்த காட்சியை "விளையாட்டே தயார்" என்று பலர் பரப்பினாலும், அது விளையாட்டுகளை உருவாக்கப் பயன்படும் அன்ரியல் என்ஜின் 5 என்ற மென்பொருள் எதைச் செய்யும் என்று காட்டுவதற்காகத் தனியாகத் தயாரித்த தொழில்நுட்ப மாதிரிதான். அதிகாரபூர்வ முன்பதிவே தொடங்காத நிலையில், டெலிகிராமில் முன்பணம் கேட்பவர் உங்கள் ஆவலைத் தவிர வேறெதையும் கையில் வைத்திருக்கவில்லை.

பீட்டா அழைப்பு, அதாவது வெளியீட்டுக்கு முன்பே சோதித்துப் பார்க்க வரச் சொல்லும் அழைப்பு, இதைவிட ஆபத்தானது. முன்னோட்டம் வந்த சில வாரங்களுக்குள்ளேயே விட்சர் 4 பீட்டா என்ற பெயரில் போலி அழைப்புகள் சுற்றத் தொடங்கிவிட்டன. அவை மோசடி என்று நிறுவனம் வெளிப்படையாகவே எச்சரித்தது. இந்த அழைப்புகளில் 1,200 ரூபாய் என்பது பெரும்பாலும் தூண்டில் மட்டுமே. உண்மையான குறி, கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் உங்களுக்கு இருக்கும் கணக்கு. இணைப்பைத் தொட்டால் ஸ்டீம் உள்நுழைவுச் சாளரம் போன்ற ஒன்று திறக்கும். அதன் மேற்பட்டையில் முகவரி சரியாக இருக்கும், பூட்டுச் சின்னமும் இருக்கும். ஆனால் அது தனிச் சாளரம் அல்ல, அந்த இணையப் பக்கத்துக்குள் வரைந்து வைக்கப்பட்ட படம். கம்ப்யூட்டரில் இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அந்தச் சாளரத்தின் மேற்பட்டையைப் பிடித்துப் பிரவுசரின் விளிம்புக்கு வெளியே இழுத்துப் பார்ப்பது. உண்மையான சாளரம் திரையில் எங்கும் நகரும். போலி, பக்கத்தின் எல்லையிலேயே முட்டி நின்றுவிடும். அந்தப் படத்துக்குள் கடவுச்சொல்லையும் ஸ்டீம் கூடுதலாகக் கேட்கும் பாதுகாப்புக் குறியீட்டையும் (Steam Guard) கொடுத்துவிட்டால், பல வருடங்களாகச் சேர்த்த விளையாட்டுகள் அனைத்தும் சில நிமிடங்களில் கைமாறிவிடும்.

இதே ஆட்கள் நடத்தும் இன்னொரு வியாபாரத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களைப் போல நல்ல விளையாட்டு தேடுபவர்கள் அடுத்து போய் விழுவது அதில்தான். "ஆஃப்லைன் ஆக்டிவேஷன்" என்ற பெயரில், பெரிய விலையுள்ள விளையாட்டை 200, 300 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்வார்கள். விற்பவர் ஒரே ஒரு கணக்கில் விளையாட்டை வாங்கிவிட்டு, அதன் கடவுச்சொல்லை வருபவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார். நீங்கள் அவருடைய கணக்கில் நுழைந்து, விளையாட்டை இறக்கிக்கொண்டு, இணையத்தைத் துண்டித்த நிலையில் விளையாட வேண்டும். விளையாட்டுக்கு ஒரு திருத்தம் (பேட்ச்) வந்தாலோ விண்டோஸை மீண்டும் நிறுவினாலோ மறுபடியும் அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அப்போது அவருடைய டெலிகிராம் பக்கமே இருக்காது. கணக்குகளை விற்பதையும் கைமாற்றுவதையும் ஸ்டீமின் ஒப்பந்தம் தடை செய்கிறது. பணம் கட்டிய ரசீது உங்கள் பெயரில் இல்லாததால் புகார் செய்தாலும் ஸ்டீமால் எதுவும் செய்ய இயலாது. மலிவு விலைக்கு "கீ", அதாவது விளையாட்டைக் கணக்கில் சேர்க்கும் குறியீடு, விற்கும் இடைத்தரகுத் தளங்களையும் இதே வரிசையில்தான் வைப்பேன். திருட்டு கார்டில் வாங்கிய கீ என்று தெரியவந்தால் வெளியீட்டாளர் அதை ரத்து செய்வார். நஷ்டம் கடைசியாக வாங்கியவருக்குத்தான்.

இந்த வியாபாரம் பட்டப்பகலில் நடக்கிறது. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்திருக்கும் குழுக்களில் விலைப் பட்டியலுடன் விளம்பரம் செய்கிறார்கள், யூபிஐ வழியாகப் பணம் வாங்குகிறார்கள். புகார் கொடுத்தால் ஒரு குழு மூடப்படுகிறது, அதே ஆள் வேறு பெயரில் வந்துவிடுகிறார். மாதச் சம்பளத்தில் கணிசமான பங்கை ஒரு விளையாட்டுக்கு விலையாக வைக்கும் வெளியீட்டாளர்களும் இந்தச் சந்தை வளரக் காரணம் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பணத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்ட நண்பர் யாரேனும் இருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்த முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு உண்டு.

அப்படியானால் அதிகாரபூர்வக் கடையில் முன்பதிவு தொடங்கும்போது கட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அப்போதும் வேண்டாம். இதே நிறுவனத்தின் சைபர்பங்க் 2077, 2012இல் அறிவிக்கப்பட்டு 2020 டிசம்பர் 10 அன்று வெளியானது. பழைய கன்சோல்களில் அது ஓடிய நிலையைப் பார்த்து, சுமார் ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது; 2021 ஜூனில்தான் மீண்டும் விற்பனைக்கு வந்தது. உண்மையாகவே முழுமை பெற்றது 2023 செப்டம்பரில் வந்த 2.0 திருத்தத்துக்குப் பிறகுதான். முதல் நாள் வாங்கியவர் அதிக விலை கொடுத்து மோசமான வடிவத்தை விளையாடினார்; மூன்று வருடம் பொறுத்தவர் குறைந்த விலையில் நல்ல விளையாட்டைப் பெற்றார். வேம்பயர் த மாஸ்கரேட் ப்ளட்லைன்ஸ் இரண்டாம் பாகத்தின் கதை இன்னும் கசப்பானது. 2019இல் அறிவித்தவுடனேயே முன்பதிவும் திறந்து, 2020 மார்ச்சில் வரும் என்றார்கள். 2021இல் அதைச் செய்துகொண்டிருந்த ஸ்டூடியோவையே மாற்றினார்கள். கடைசியில் 2025 அக்டோபரில் வந்தது வேறொரு ஸ்டூடியோவின் விளையாட்டு. டிஜிட்டல் பொருளுக்குக் கையிருப்பு தீர்ந்துபோகும் என்ற பயமே கிடையாது. அப்படியிருக்க எதற்காக முன்பதிவு? ஒரு சட்டையும் ஒரு குதிரைச் சேணமும் இலவசமாகத் தருவதற்காக முழுத் தொகையையும் பல மாதங்களுக்கு முன்பே வாங்கிக்கொள்ளும் இந்த வழக்கம் எப்போதோ ஒழிந்திருக்க வேண்டும்.

தயாரிப்பு முடியாத விளையாட்டுக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. அதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். "ஏர்லி ஆக்செஸ்" என்ற ஏற்பாட்டில், தயாரிப்பில் இருக்கும் விளையாட்டின் ஒரு பகுதி இன்றே உங்கள் கைக்கு வருகிறது. பெல்ஜியத்தின் லேரியன் ஸ்டூடியோ பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டை 2020 அக்டோபரில் இப்படித்தான் திறந்து, ஏறத்தாழ மூன்று வருடம் வாங்கியவர்களின் கருத்தைக் கேட்டுத் திருத்தி, 2023 ஆகஸ்டில் முழுமையாக வெளியிட்டது. இது முன்பதிவு அல்ல. இருக்கும் பொருளுக்கான விலை. ஆனால் இந்த விலக்கு செல்லுபடியாக மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும். இன்று இருக்கும் பகுதி மட்டுமே, இனி எதுவும் வராவிட்டாலும், கொடுக்கும் பணத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். அந்த ஸ்டூடியோ இதற்கு முன் ஒரு விளையாட்டை இதே முறையில் தொடங்கி முடித்திருக்க வேண்டும். லேரியன் டிவினிட்டி ஒரிஜினல் சின் 2 விளையாட்டை அப்படி முடித்துக் காட்டியிருந்தது. மூன்றாவது, பாதியில் நிற்பதை நீங்கள் பொறுத்துக்கொள்பவராக இருக்க வேண்டும். பால்டர்ஸ் கேட் 3இல் அன்று திறந்திருந்தது முதல் அங்கத்தின் பகுதிதான்; அதில் சேமித்து வைத்தவை முழு வெளியீட்டில் செல்லவில்லை, எல்லோரும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. விளையாட்டு விதிகளை ஆராய்ந்து பார்க்கப் பிடிப்பவருக்கு அது இன்பம். உங்களைப் போலக் கதைக்காக விளையாடுபவருக்கு, நாவலின் முதல் நூறு பக்கத்தைப் படித்துவிட்டு மூன்று வருடம் காத்திருப்பதற்குச் சமம். ஆகவே விலக்கு இருந்தாலும் அது உங்களுக்கு அல்ல.

இனி, எதைத் தேடுவது என்பதற்கு வருவோம். "விட்சர் போன்ற விளையாட்டுகள்" என்று தேடினால் குதிரை, வாள், பெரிய வரைபடம் உள்ளவையெல்லாம் வரிசையில் வந்து நிற்கும். அனுபவப் புள்ளியும் நிலை உயர்வும் இருந்தாலே ஆர்பிஜி (ரோல் பிளேயிங் விளையாட்டு) என்று குறிச்சொல் ஒட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. நீங்கள் மூன்றாம் பாகத்தில் எதை விரும்பினீர்கள் என்று யோசியுங்கள். வெலன் பகுதியில் ரத்தப் பிரபுவின் கதை நினைவிருக்கும். குன்றின் அடியில் மரத்துக்குள் அடைபட்ட ஆவியை விடுவித்தால் சதுப்பு நிலத்துக் குழந்தைகள் பிழைக்கிறார்கள், ஆனால் பிரபுவின் மனைவி ஆனா உயிரோடு திரும்புவதில்லை, பிரபுவும் தூக்கில் தொங்குகிறார். ஆவியைக் கொன்றால் ஆனா சித்தம் கலங்கிய நிலையில் உயிரோடு இருக்கிறாள், குழந்தைகள் தொலைந்துபோகிறார்கள். தேர்வு செய்யும் நேரத்தில் எது நல்லது என்று விளையாட்டு உங்களுக்குச் சொல்வதில்லை; விளைவு பின்னால் வருகிறது. இந்தக் குணம் எங்கே இருக்கிறதோ அங்கே போங்கள், வரைபடத்தின் பரப்பளவைப் பார்த்துப் போகாதீர்கள்.

முதலில் கிங்டம் கம் டெலிவரன்ஸ், 2018இல் பிராகா நகரத்தின் வார்ஹார்ஸ் ஸ்டூடியோ வெளியிட்டது. 1403ஆம் ஆண்டுப் பொஹீமியா. மந்திரம் இல்லை, அரக்கன் இல்லை. நாயகன் ஹென்றி ஒரு கொல்லரின் மகன், அவனுக்கு எதுவும் தெரியாது. கதையின் தொடக்கத்தில் அப்பாவின் கடனைக் கேட்கக் குடிகாரன் குனேஷிடம் போய், பெரும்பாலானோர் அடி வாங்கித்தான் திரும்புவார்கள். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் கலைந்து கிடக்கும், ஏனென்றால் ஹென்றிக்குப் படிக்கத் தெரியாது; உழிட்ஸ் கிராமத்து எழுத்தரிடம் பாடம் கேட்ட பிறகுதான் எழுத்துகள் மெல்ல இடம் மாறிச் சொற்களாகச் சேரும். ஒரு நாயகன் வளர்வதை எண்ணாகக் காட்டாமல் உங்கள் கண்ணிலேயே காட்டும் இந்த ஒரு காட்சிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். வாள் சண்டை முதலில் எரிச்சலூட்டும். ரட்டாய் நகரில் கேப்டன் பெர்னார்டிடம் சில இரவுகள் பயிற்சி எடுக்காமல் வெளியே போகாதீர்கள். நினைத்த இடத்தில் சேமிக்க விளையாட்டுக்குள் ஒரு மது தேவைப்படும் என்பதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், விளையாட்டிலிருந்து வெளியேறும்போது சேமிக்கும் வசதி பின்னர் சேர்க்கப்பட்டது. உங்கள் ஒரு மணி நேரத்துக்கு அது போதும். 2025இல் வந்த இரண்டாம் பாகம் சிறப்பானது, ஆனால் குறைந்தபட்சமாக 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு கேட்கிறது. அதே காரணத்தால் எல்லோரும் பாராட்டும் கிளேர் ஆப்ஸ்கூர் எக்ஸ்பெடிஷன் 33 விளையாட்டையும் இந்த லேப்டாப்பில் தொட வேண்டாம்.

டிஸ்கோ எலிசியம், 2019. சண்டை முறையே கிடையாது. நினைவிழந்த ஒரு துப்பறிவாளனின் மனத்துக்குள் 24 திறன்கள் ஆளுக்கொரு குரலில் பேசும். தொடக்கத்தில் ஓட்டல் அறையின் மின்விசிறியில் சுற்றும் கழுத்துப்பட்டையை எடுக்கப்போய் மாரடைப்பில் செத்துப்போகவும் கூடும். உங்கள் லேப்டாப்பில் சுலபமாக ஓடும். ஆனால் பக்கம் பக்கமாகக் கடினமான ஆங்கிலம் படிக்க வேண்டும். வேலை முடிந்து களைத்த இரவில் அது சுமையாகத் தோன்றினால் வாங்காதீர்கள்.

விட்சர் உலகத்தை விட்டு வெளியே வர மனமில்லையென்றால், அதே நிறுவனம் 2018இல் வெளியிட்ட த்ரோன்பிரேக்கர் இருக்கிறது. ராணி மேவ் தன் நாட்டை மீட்கப் போரிடும் கதை; சண்டைகள் க்வெண்ட் சீட்டாட்ட முறையில் நடக்கும். கூட இருப்பவர்கள் உங்கள் முடிவுகளைப் பொறுக்காமல் படையை விட்டே போய்விடுவார்கள். இவ்வளவு நல்ல எழுத்து இவ்வளவு குறைவாகக் கவனிக்கப்பட்டது வருத்தமே.

பால்டர்ஸ் கேட் 3 முழுமையாக வெளிவந்த பிறகு அதைப் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை; உங்கள் லேப்டாப் பற்றித்தான் தயக்கம். 150 ஜிபி இடமும் எஸ்எஸ்டியும் கேட்கும். தரத்தைக் குறைத்து வைத்தால் முதல் அங்கம் ஓடும், ஆனால் மூன்றாம் அங்கத்தில் நகரத்துக்குள் நுழைந்ததும் புராசஸர் திணறும். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். அந்தச் சோதனை இங்கே உதவாது, நகரம் வருவதற்குள் பல வாரங்கள் போயிருக்கும்.

நான்காம் பாகத்துக்காக இப்போதே லேப்டாப் மாற்ற வேண்டாம். அதற்கு என்ன கார்டு தேவை என்பதை நிறுவனம் இன்னும் வெளியிடவில்லை, "விட்சர் 4 தயார்" என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் அது அவருடைய ஊகம்தான். கிங்டம் கம்மை ஜூன் இறுதியிலோ டிசம்பர் இறுதியிலோ வரும் ஸ்டீம் தள்ளுபடியில், கூடுதல் கதைகள் சேர்ந்த ராயல் எடிஷனாக, உங்கள் சொந்தக் கணக்கில் வாங்குங்கள். இரவு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் அது ஒன்றே சில மாதங்களுக்கு வரும்.