அப்பாவின் மூளைக்கு நேராக மருந்து செலுத்த முடியுமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. அப்பாவுக்கு 66 வயது, ஏழு வருடமாகப் பார்க்கின்சன் நோய். கார்பிடோபா சேர்ந்த லெவோடோபா மாத்திரை தினம் நான்கு வேளை போடுகிறார். முன்பெல்லாம் போட்ட சிறிது நேரத்தில் நன்றாக நடப்பார். இப்போது மதிய மாத்திரை பல நாள் வேலையே செய்வதில்லை. மண்டையில் துளை போட்டு நேராக மூளைக்கே மருந்து செலுத்தும் சிகிச்சை வந்துவிட்டதாக வீடியோவில் பார்த்தோம். விசாரித்த இடத்தில் ‘ஆராய்ச்சி சிகிச்சை, பல லட்சம் ஆகும்’ என்கிறார்கள். தோப்பில் ஒரு பகுதியை விற்கலாமா?

பதில்: விற்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம்.

மூளைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருக்கும். கிருமியும் நஞ்சும் உள்ளே புகாமல் காப்பது இந்தச் சுவர்தான். பெரும்பாலான மருந்துகளைத் திருப்பி அனுப்புவதும் இதுவே. பார்க்கின்சன் நோயில் குறைவது டோபமைன், உடல் அசைவுக்கு மூளை பயன்படுத்தும் ரசாயனம். அதை அப்படியே மாத்திரையாகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது. லெவோடோபா போகும். உணவுப் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள் நுழையும் வாசல் வழியாகவே அதுவும் நுழைந்து, உள்ளே டோபமைனாக மாறுகிறது. வழியிலேயே மாறி வீணாகாமல் பார்த்துக்கொள்வது கார்பிடோபா. இந்த வாசலை நினைவில் வையுங்கள், மதிய மாத்திரைக்கு இது வேண்டும்.

நீங்கள் பார்த்த ஆராய்ச்சி பொய்யல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 41 பார்க்கின்சன் நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். ஜிடிஎன்எஃப் என்ற புரதம் நரம்பு செல்களைக் காக்கும், ஆனால் அந்தச் சுவரைத் தாண்டாது. அதனால் நான்கு மெல்லிய குழாய்களை மூளையின் ஆழத்தில் பொருத்தி, காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்த சிறு திறப்பு வழியாக நான்கு வாரத்துக்கு ஒருமுறை மெல்ல மெல்ல மருந்தைச் செலுத்தினார்கள். முக்கியக் கட்டத்தில் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் திரவம். 2019-இல் முடிவு வந்தது. ஒன்பது மாதத்தில் இரண்டு பிரிவினருக்குமே ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் மருந்துதான் காரணம் என்று நிரூபிக்கும் அளவு வித்தியாசம் இல்லை. மருந்து பெற்றவர்களின் ஸ்கேனில் மட்டும் நல்ல மாற்றம் இருந்தது. என்னைப் பொறுத்தவரை இது வீண் முயற்சி இல்லை. மூளையின் ஆழத்துக்கு மாதாமாதம் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்று காட்டியது. அதே புரதத்துக்கான மரபணுவை மூளைக்குள் செலுத்தும் ஆய்வும் இப்போது வெளிநாடுகளில் நடக்கிறது. ஆனாலும் இன்று காசு கொடுத்து வாங்கும் சிகிச்சையாக இது ஆகவில்லை.

சில அரிய நோய்களில் இந்த வழி ஜெயித்திருக்கிறது. டோபமைனை உருவாக்கும் நொதியே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு, மூளைக்குள் நேராகச் செலுத்தும் மரபணு சிகிச்சைக்கு ஐரோப்பா 2022-இலும் அமெரிக்கா 2024-இலும் அனுமதி கொடுத்தன. அங்கே கோளாறு ஒரே ஒரு மரபணுவில். அப்பாவின் நோய் அவ்வளவு எளிமையானதல்ல.

சரி, பணம் கேட்டவர்கள் விஷயம். இந்தியாவில் உண்மையான மருந்து ஆய்வு எதுவானாலும் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வுக்கான செலவை நோயாளியிடம் வாங்கக் கூடாது என்பது ஐசிஎம்ஆர் என்ற மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பின் நெறிமுறை. ஆய்வால் பாதிப்பு வந்தால் இழப்பீடு தர வேண்டும் என்கின்றன மருந்து ஆய்வுகளுக்கான 2019-ஆம் ஆண்டு அரசு விதிகள். ‘ஆராய்ச்சி’ என்று சொல்லிக்கொண்டே லட்சக்கணக்கில் கேட்கிறவர்களிடம் அப்பாவைக் கூட்டிப் போகாதீர்கள்.

இனி மதிய மாத்திரை. அப்பா மதியம் என்ன சாப்பிடுகிறார், மாத்திரையை எப்போது போடுகிறார்? நம் பக்கத்தில் களியோடு அவரைக்கொட்டைக் குழம்போ கொள்ளுக் கடைசலோ இருக்கும், சில நாள் முட்டையும் கறியும். நல்ல சாப்பாடுதான். ஆனால் அந்தப் புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் ஒரே வாசலில் முண்டியடிக்கும், மருந்து பின்தங்கிவிடும். ஆகவே மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு தண்ணீரோடு கொடுங்கள். மறந்துவிட்டால் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு வாய் கஞ்சி போதும். பருப்பு, கறி வகைகளை ராத்திரிக்கு மாற்றிப் பாருங்கள். அடியோடு நிறுத்திவிடாதீர்கள், உடம்பு இளைத்துவிடும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டால் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள், மாத்திரை சரியாகச் சேராததற்கு அதுவும் காரணமாகலாம். லெவோடோபாவை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதற்கும் சரிவரவில்லை என்றால் நரம்பியல் மருத்துவர் அளவைப் பிரித்துக் கொடுப்பார், வேறு மருந்து சேர்ப்பார். மூளையில் மின்முனை பொருத்தும் டிபிஎஸ் அறுவை சிகிச்சை பொருந்துமா என்றும் பார்ப்பார். அது மருந்து செலுத்துவது அல்ல, ஆனால் பல வருடமாக நடைமுறையில் உள்ளது. உங்களுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனை தூரமில்லை, ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. போகும் முன் ஒரு வாரத்துக்கு நோட்டில் எழுதி வாருங்கள்: மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், நன்றாக நடந்த நேரம், கால் ஒட்டிக்கொண்டு நின்ற நேரம், கை கால் தானாக ஆடிய நேரம். நடக்க முடியாத நேரத்தில் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் அறையில் அப்பா நன்றாக நடந்துவிடக்கூடும்.