ட்ரில்லிங் மெஷினில் கையுறை

கேள்வி: ட்ரில்லிங் மெஷினில் துளைபோடும்போது சீவி வரும் இரும்புச் சுருள் கையைக் கிழிக்கிறதே என்று கையுறை போட்டேன். ஃபோர்மேன் கழற்றச் சொல்லித் திட்டுகிறார். கை போனால் யார் பொறுப்பு? – வாசகர், கோவை

பதில்: ஃபோர்மேன் பக்கம்தான் நியாயம், தம்பி. சுழலும் தண்டான ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் நொடிக்குப் பத்து. கையுறையின் ஒரு நூல் துளைபோடும் பிட்டில் மாட்டினால், நீங்கள் 'ஐயோ' என்பதற்குள் விரலையும் சேர்த்துச் சுருட்டிவிடும். வெறும் கையென்றால் கீறலோடு போகும். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உங்களைப்போல வாதாடியவன்தான். ஒருநாள் முழுக்கைச் சட்டையின் பொத்தான் போடாத மணிக்கட்டுப் பக்கம் மாட்டியது. பழைய துணி, கிழிந்துகொண்டதால் தப்பித்தேன். புதுச்சட்டையாக இருந்தால் இதை எழுத வலதுகை இருந்திருக்காது! ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை செய்பவருக்கு இறுக்கமான உடை வேண்டுமென்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 22-வது பிரிவிலேயே சொன்னது.

சரி, சுருளுக்கு என்ன வழி? மெஷினை நிறுத்திவிட்டு பிரஷ்ஷால் தள்ளுங்கள். வாயால் ஊதாதீர்கள், கண்ணில் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றவே வேண்டாம். வேலைப்பொருளைக் கையால் பிடிக்காமல் வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) இறுக்குங்கள். அப்புறம், பெட்டியில் கிடக்கும் சுருளை அள்ளிப் போடும்போது கையுறையைத் தாராளமாக மாட்டிக்கொள்ளுங்கள்; அப்போது ஃபோர்மேன் ஒன்றும் சொல்லமாட்டார்.