விசிட்டர் விசாவில் வரும் மனைவிக்கு இங்கே வைத்தியம் இலவசமா?

தம்பி, இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஈரோட்டில் ஆசிரியையாக இருக்கும் உங்கள் மனைவி கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் விசிட்டர் விசாவில் வருகிறார். நீங்கள் மாதாமாதம் வரியும், சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகையான நேஷனல் இன்சூரன்சும் கட்டுகிறீர்கள், விசா எடுக்கும்போதே மருத்துவத்துக்கான கட்டணமான ஹெல்த் சர்சார்ஜும் கட்டியாகிவிட்டது. அப்படியிருக்க அவருக்கும் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவை இலவசம்தானே, தனியாகக் காப்பீடு எதற்கு என்று கேட்கிறீர்கள்.

இலவசம் இல்லை தம்பி. காப்பீடு எடுக்காமல் அவரை விமானம் ஏற்றாதீர்கள்.

நீங்கள் கட்டிய சர்சார்ஜ் உங்கள் ஒருவருக்குத்தான். ஆண்டுக்கு 1,035 பவுண்டு என்று மூன்று ஆண்டுக்கு 3,105 பவுண்டை மொத்தமாக எண்ணிவைத்த பிறகு, வீட்டுக்கே சேர்த்துக் கட்டியதுபோல் மனது நினைத்துக்கொள்ளும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் என்.எச்.எஸ். முக்கியமாகப் பார்ப்பது ஒன்றை: நோயாளி சட்டப்படி இந்த நாட்டிலேயே குடியிருப்பவரா? கணவர் கட்டும் வரி அதில் கணக்கு இல்லை, கல்யாணச் சான்றிதழும் கணக்கு இல்லை. சென்னையில் குடியேறிவிட்ட பிரிட்டிஷ் குடிமகன் ஒருவர் இங்கே சுற்றிப்பார்க்க வந்து படுத்தால்கூட அவருக்கும் பில் வரும். விசிட்டர் விசாவில் வருபவர் விரும்பினாலும் சர்சார்ஜ் கட்ட வழியில்லை. பத்தாண்டு விசா குத்தியிருந்தாலும் நிலைமை இதுதான்.

‘அவசரச் சிகிச்சைப் பிரிவு எல்லோருக்கும் இலவசம்’ என்று உங்கள் அறைத் தோழர் சொன்னது பாதி உண்மை. அந்த மறுபாதியில்தான் நாங்கள் மாட்டினோம்.

2018-இல் என் மனைவி முதன்முறையாக லண்டன் வந்தாள். வருவதற்கு ஒரு மாதம் முன்பு வயிற்று வலி என்று மதுரையில் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். பித்தப்பையில் கல், இப்போதைக்கு அவசரமில்லை என்று மருத்துவர் சொன்னார். பயணக் காப்பீட்டுப் படிவத்தில் ‘ஏற்கெனவே நோய் உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினோம். ஏமாற்றும் எண்ணமே கிடையாது. அதை ஒரு நோயாகவே நாங்கள் நினைக்கவில்லை.

வந்த மூன்றாம் வாரம், நள்ளிரவில் வலி. அவசரப் பிரிவில் உடனே பார்த்தார்கள், இரத்தப் பரிசோதனை செய்தார்கள், ஒரு காசு கேட்கவில்லை. விடியும்போது வார்டில் சேர்த்தார்கள். இலவசம் அந்த நிமிடத்தோடு முடிந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. மறுநாள் மருத்துவமனையின் வெளிநாட்டு நோயாளிகள் பிரிவிலிருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்து, கனிவாகத்தான் பேசினார். வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் என்.எச்.எஸ். தன் அடக்கச் செலவை அல்ல, அதைப்போல் ஒன்றரை மடங்கை வாங்குகிறது. அறுவை சிகிச்சையும் ஐந்து நாள் படுக்கையும் சேர்த்து 8,400 பவுண்டு. காப்பீட்டு நிறுவனம் மதுரை ஸ்கேன் அறிக்கையை வரவழைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தது. மாதம் 350 பவுண்டாக இரண்டு ஆண்டு கட்டினேன்.

பணத்தைவிட என்னை உறங்கவிடாமல் செய்தது விசாதான். 500 பவுண்டும் அதற்கு மேலும் பாக்கி இரண்டு மாதம் நின்றால் உள்துறைக்குத் தகவல் போகும், அடுத்த விசா மறுக்கப்படலாம். நான் முதல் வாரமே போய்த் தவணை பேசி எழுதி வாங்கியதால் அவளுக்குப் பிறகு என்னோடு தங்குவதற்கான டிபெண்டண்ட் விசா தடையின்றிக் கிடைத்தது. இப்படி ஒரு நிலை வந்தால் பில்லைக் கண்டு ஒளியாதீர்கள், போய்ப் பேசுங்கள்.

ஆகவே காப்பீட்டுப் படிவத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். உங்கள் மனைவியே பழைய மருத்துவச் சீட்டுகளை எல்லாம் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பட்டும். தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆஸ்துமா, ஒரே ஒருமுறை எடுத்த ஸ்கேன் என எதையும் விடக் கூடாது. பிரீமியம் கூடினால் கூடட்டும். ஊரிலேயே எடுப்பதாக இருந்தால் கிளம்பும் முன்பே எடுத்துவிட வேண்டும். மருத்துவமனைக்கு நிறுவனமே நேராகப் பணம் கட்டுமா, நாம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டுமா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு வரை தரும் என்ற மூன்றையும் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கர்ப்பமாக இருந்தால் தனியாக விசாரிக்க வேண்டும். பயணக் காப்பீடுகளில் பெரும்பாலானவை பிரசவச் செலவை ஏற்பதில்லை. இங்கே பிரசவ மருத்துவத்தைப் பணத்துக்காக மறுக்கவோ தள்ளிப்போடவோ மாட்டார்கள், ஆனால் பில் பின்னால் வந்தே தீரும்.

பாரிஸ் போகவும் எண்ணம் இருப்பதாகச் சொன்னீர்கள். பிரான்ஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பிரிட்டன் அதைக் கேட்பதே இல்லை. கேட்காததால்தான் நம்மவர்கள் தேவையில்லை என்று எண்ணி ஏமாந்துபோகிறார்கள். ஒரே காப்பீட்டில் இரண்டு இடத்தையும் சேர்த்து எடுங்கள்.

சின்னச் சின்ன உபாதைகளுக்குப் பயம் வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்து ஜி.பி. என்ற பொது மருத்துவரிடம் அவரைத் தற்காலிகமாகப் பதிந்துகொள்ளலாம், அங்கே பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் மருந்து ஒன்றுக்கு 9.90 பவுண்டு. அவர் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு மாதத்துக்கும் கொண்டுவரச் சொல்லுங்கள். சீட்டில் நம் ஊரில் மருந்து விற்கும் வணிகப் பெயரோடு அதன் மூலப்பெயரும் இருக்கட்டும். டோலோ என்றால் இங்கே புரியாது, பாரசிட்டமால் என்றால் புரியும்.

இன்னொன்று. நீங்கள் வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் அவர் வீட்டில் தனியாக இருப்பார். அவசரத்துக்கு 999, ஆலோசனைக்கு 111, உங்கள் முகவரி, போஸ்ட்கோடு, காப்பீட்டு எண், அந்த நிறுவனத்தின் இருபத்துநான்கு மணிநேரத் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். மருத்துவமனையில் சேர்த்தால் முதல் நாளே அந்த எண்ணை அழைக்க வேண்டும். தமிழில் பேச வேண்டுமென்றால் ‘தமிழ் இன்டர்பிரட்டர்’ என்று கேட்கச் சொல்லுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.