குரெனாயும் கொஞ்சம் கூச்சமும்

வணக்கம் சார்,

இசை பற்றி நீங்கள் எழுதுவதைப் படித்து வருகிறேன். என் கேள்வி உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட் அனிமே பார்த்தபோது அதில் வந்த ஒரு தொடக்கப் பாட்டு மனதில் ஒட்டிக்கொண்டது. பாடியது லார்க் அன் சியெல் என்று தேடித் தெரிந்துகொண்டேன். அங்கிருந்து எக்ஸ் ஜப்பான், லூனா சீ, டிர் ஆன் கிரே என்று போய், இப்போது போனில் பாதிக்கு மேல் ஜப்பானிய ராக்தான்.

என் அறையில் கூட இருப்பவன் ஒருநாள் எக்ஸ் ஜப்பான் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, லிப்ஸ்டிக்கெல்லாம் போட்டிருக்கானுங்க" என்று ஒரு வாரம் ஓட்டினான். அதிலிருந்து ஹெட்போன் இல்லாமல் போடுவதில்லை. இன்னொரு சிக்கல், ஒரு வார்த்தைகூடப் புரியாது. மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்தால் கண்ணீர், மழை, ரோஜா, இரவு. சப்பென்று ஆகிவிடுகிறது. புரியாமல் ரசிப்பது ரசனைதானா, இல்லை சத்தத்தில் மயங்கிக் கிடக்கிறேனா? அடுத்து எதைக் கேட்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

சிரிப்பு வரவில்லை. யோகோஹாமாவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நண்பர் ஒருவர் எக்ஸ் ஜப்பானின் 'ப்ளூ பிளட்' சிடியைக் கொடுத்தபோது, நானும் வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் படாமல் அதை அலமாரியின் பின்வரிசையில்தான் வைத்தேன். ஆகவே கூச்சத்தைப் பற்றி எனக்குத் தெரியும்.

முதலில் அந்த லிப்ஸ்டிக்கை முடித்துவிடுவோம். 1989இல் வந்த அந்த சிடியின் அட்டையில் 'சைக்கடெலிக் வயலன்ஸ் கிரைம் ஆஃப் விஷுவல் ஷாக்' என்று ஒரு வாசகம் இருக்கும். அர்த்தம் தேடாதீர்கள், கிடைக்காது. விஷுவல் கே என்ற பெயர் அதிலிருந்து முளைத்தது. 'கே' என்றால் நம் 'வகையறா' மாதிரி. தோற்ற வகையறா, அவ்வளவுதான். இசையைப் பற்றி அந்தப் பெயரில் ஒன்றுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். எக்ஸ் வாசித்தது வேக மெட்டல். மாலிஸ் மிசேர் குழுவினர் தேவாலய ஆர்கனும் ஹார்ப்சிகார்டும் வைத்துக்கொண்டு இசைமேதை பாக் காலத்து ஐரோப்பாவுக்குப் போனவர்கள். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது முகப்பூச்சு மட்டும்தான். நீங்கள் ஆரம்பித்த லார்க் அன் சியெல்லை இந்த வகையறாவில் சேர்த்தால் அவர்களுக்கே பிடிக்காது.

அந்த முகப்பூச்சும் திடீரென்று வந்ததல்ல. 1629இல் பெண்கள் கபுகி என்ற ஜப்பானிய நாடக மேடை ஏறத் தடை வந்தது. பிறகு ஆண்களே பெண் வேடம் கட்டினார்கள். அந்த நடிகர்களுக்கு ஒன்னகதா என்று பெயர். மாலிஸ் மிசேரின் கிதார்காரர் மானா, கவுன் போட்டுக்கொண்டு மேடையில் நின்றபோது ரசிகர்கள் சொன்னதும் அதே வார்த்தையைத்தான். நடுவில் ஒரு சுற்றுவழியும் உண்டு. 1973இல் ஆங்கிலேய ராக் பாடகர் டேவிட் போவிக்கு கபுகி பாணியில் உடை தைத்துக் கொடுத்தவர் யமமோத்தோ கன்சாய் என்ற ஜப்பானியர். போவியையும் கிஸ் குழுவையும் பார்த்து வளர்ந்த ஜப்பானியப் பையன்கள் பத்து, பதினைந்து வருடம் கழித்து மை தீட்டிக்கொண்டார்கள். ஊரிலிருந்து கிளம்பிய வேஷம் லண்டன் போய் ஊருக்கே திரும்பி வந்த கதை. நம் ஊர் நாடக மேடையில் ஆண்கள் கட்டிய ஸ்திரீபார்ட் பார்த்து விசிலடித்தவர்களின் பேரன் உங்கள் அறை நண்பர். அவருக்கு இது ஏன் புதிதாகத் தெரிகிறதோ!

சரி, பாட்டுக்கு வருவோம். 'குரெனாய்' கேட்டிருப்பீர்கள். இன்னொரு தடவை, 'ப்ளூ பிளட்' சிடியில் இருக்கும் வடிவத்தைப் போடுங்கள். ஒரு நிமிடத்துக்கும் மேல் அடக்கமாகவே போகும். மெல்லிய கிதார் நரம்புகள், தோஷி ஆங்கிலத்தில் முனகுவது போலப் பாடுவார். அப்புறம் யோஷிகியின் டிரம்ஸ் இறங்கும். இரண்டு கால்களும் இரண்டு பேஸ் டிரம்மை மிதிக்கும் வேகத்தில் முதலில் வேறொன்றும் காதில் விழாது. நம்மில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறோம், வேகத்தில். மூன்றாவது தடவை டிரம்ஸை மனதால் ஒதுக்கிவிட்டு, தோஷியின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். உள்ளே இருப்பது ஒரு சோகப் பாட்டு. நிதானமாக, பியானோவில் ஒற்றை விரலால் வாசிக்கக்கூடிய மெட்டு. யோஷிகி சின்னப் பிள்ளையிலிருந்து பியானோ கற்றவர். பத்து வயதில் தந்தை தற்கொலை செய்துகொண்டார். மெட்டு அந்தப் பையனுடையது, டிரம்ஸ் அவனுடைய கோபம் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

அந்த மெட்டு தனியாக நிற்குமா என்றால், நிற்கும். ஜப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பேஸ்பால் போட்டிகளில் தங்கள் அணியை உற்சாகப்படுத்த 'குரெனாய்' வாசிக்கிறார்கள். சீருடை போட்ட பிள்ளைகள், வெயிலில், டிரம்பெட்டும் டிராம்போனும் வைத்துக்கொண்டு! லிப்ஸ்டிக் இல்லை, எலக்ட்ரிக் கிதார் இல்லை. பாட்டு அப்படியே இருக்கிறது. உங்கள் நண்பர் இன்னும் ஓட்டினால், கொய்சுமி பிரதமராக இருந்தபோது 2001இல் அவர் கட்சி விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது எக்ஸ் ஜப்பானின் 'ஃபாரெவர் லவ்' பாட்டைத்தான் என்று சொல்லிவையுங்கள்.

மொழி விஷயத்தில் நான் செய்தது ஒன்று. பாட்டின் உச்சப் பகுதியை ஜப்பானியர்கள் ஸபி என்பார்கள் (சபி என்று எழுதினால் யாருக்கோ சாபம் கொடுக்கச் சொல்வது போல் இருக்கிறது). பிடித்த பாட்டின் ஸபியை மட்டும் காதால் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதினேன், பழைய மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில். ஆச்சரியம், உட்கார்ந்துவிட்டது! ஜப்பானிய உயிர் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. அவர்கள் வரிசையும் அதேதான். பௌத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்து படித்ததன் வழியாக வந்தது. குறில் நெடில் வித்தியாசமும் உண்டு. தனியாக நிற்கும் மெய் 'ன்' மாதிரி ஒன்றுதான். மற்றபடி எல்லா எழுத்தும் உயிரில் போய் முடியும். பாடகர் எங்கே வேண்டுமானாலும் நீட்டலாம், வாய் திறந்தே இருக்கும். புரியாமலே அந்தக் குரல்கள் நம்மைப் பிடிப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதைச் சத்தத்தில் மயங்குவது என்று சொல்ல மாட்டேன். க எழுதும்போது மட்டும் எது கா, எது ஹா, எது கடினம், எது மென்மை என்று தடுமாற்றம் வரும். பென்சிலால் எழுதுங்கள்.

மொழிபெயர்ப்பு சப்பென்று இருப்பதற்கு வருகிறேன். குரெனாய் என்பதை 'சிவப்பு' என்று போட்டால் எல்லாம் போச்சு. அது குசும்பாப் பூவின் பழைய பெயர். அந்தப் பூவிலிருந்து எடுக்கும் ஆழ்ந்த சாயத்தின் நிறம். அதனால்தான் பாட்டில் வருகிறவன் அந்த நிறத்தில் 'தோய்ந்து' நிற்கிறான், சேலையைச் சாயத்தில் முக்கி எடுப்பது போல. ஆங்கிலத்தில் இதில் பாதிகூட வராது. ரோஜாவும் மழையும் மண்டிக்கிடக்கும் மட்டமான பாட்டுகளும் நிறைய உண்டுதான். முகத்துக்குச் செலவழித்ததில் கால்வாசியை மெட்டுக்குச் செலவழித்திருக்கலாமே என்று தோன்றும் குழுக்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன.

ஆனால் ஹிதேவின் 'பிங்க் ஸ்பைடர்' மொழிபெயர்ப்பைப் படித்துப் பாருங்கள். வலை வழியாகப் பார்த்துப் பார்த்து வானம் சதுரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு சிலந்தி. பட்டாம்பூச்சியின் இறக்கையைப் பறித்துக்கொண்டு பறக்கப் பார்க்கிறது. இரவல் இறக்கை. தலைகுப்புற விழுகிறது. இதைத் துள்ளலான, கரகரத்த கிதார் மேல் விளையாட்டாகப் பாடியிருப்பார். எக்ஸ் ஜப்பானின் கிதார்காரரான ஹிதே 1998 மே 2 அன்று இறந்தார், வயது 33. பாட்டு வெளிவந்தது மே 13. த்சுகிஜி ஹொங்கன்ஜி கோயிலில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஐம்பதாயிரம் பேர் போல வந்தார்கள் என்று கணக்கு. நண்பர் தந்த சிடிக்கு ஒரு வருடம் கழித்துத்தான் இந்தப் பாட்டைக் கேட்டேன். அன்றைக்கு எக்ஸ் சிடியை முன்வரிசைக்கு எடுத்து வைத்தேன்.

அடுத்து என்ன கேட்கலாம்? லூனா சீயின் 'ரோசியர்', 1994. அதில் சுகிசோவின் கிதாரை விட, அடியில் ஓடும் ஜேயின் பேஸ் கிதாரைக் கேளுங்கள். மாலிஸ் மிசேரில் 'கெக்கா நோ யசோக்யொகு', அதாவது நிலவொளியில் ஓர் இரவிசை. டிர் ஆன் கிரேவில் 'த ஃபைனல்' பாட்டோடு ஆரம்பியுங்கள். நேராக அவர்களுடைய பிந்திய சிடிகளுக்குப் போனால் க்யோவின் அலறலில் பயந்துவிடுவீர்கள். அந்த அலறலும் பிறகு பிடிக்கும்.

எக்ஸின் 'ஆர்ட் ஆஃப் லைஃப்' மட்டும் இப்போது வேண்டாம். ஒரே பாட்டு, 29 நிமிடம், முழு ஆர்கெஸ்ட்ராவோடு. நீளம் கூடுதல் என்பது என் கட்சி. இரவு பஸ்ஸில் தூக்கம் வராதபோது வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எல்லா வாத்தியமும் நின்று பியானோ மட்டும் பல நிமிடம் ஓடும். ஒரு கை ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்க, இன்னொரு கை கட்டையை அடித்து நொறுக்கும். போன் கெட்டுவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.