அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் தொண்டையில் கேன்சர். எனக்கும் வருமா?

களியக்காவிளைப் பக்கம் என்கிறீர்கள், அநேகமாகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில்தான் காட்டியிருப்பீர்கள். முதலில் அந்தப் பழைய பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். நம்மூரில் கழுத்தில் எது வந்தாலும் 'தொண்டையில கேன்சர்' என்றுதான் சொல்வார்கள். குரல்வளையா, தொண்டைக்குழியா, தைராய்டா என்பது அதில் இருக்கும். தைராய்டில் 'மெடுல்லரி' என்று எழுதியிருந்தால் கதையே வேறு. அந்த வகையில் ஏறக்குறைய நாலில் ஒன்று பரம்பரை. ரெட் (RET) என்ற மரபணுவில் கோளாறு அப்பாவிடம் இருந்தால் உங்களுக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

குரல்வளை, தொண்டைக்குழி என்றால் அவ்வளவு பயம் வேண்டாம். பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு இருந்தால் ஆபத்து சுமார் 1.7 மடங்கு. அந்தக் கூடுதலும் பெரும்பாலும் புகையிலை, குடி உள்ளவர்களிடம்தான் காணப்படுகிறது. 'பீடியே தொடாத ஆளுக்கு வந்ததே' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வரும். எச்.பி.வி. வைரஸால் டான்சிலிலும் அடிநாக்கிலும் வருவது உண்டு. வரவே வராது என்று நான் சொல்லவில்லை.

அண்ணன் தம்பி இருவரும் ஒரே வெற்றிலைச் செல்லத்தில் முறுக்கான் போட்டவர்களா, ஒரே கட்டுப் பீடி இழுத்தவர்களா என்று பாருங்கள். நீங்களும் போடுகிறவர் என்றால் இன்றே விடுங்கள். போயிலையை மட்டும் தள்ளிவிட்டு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு போட்டால் போதாது. பாக்கே தனியாக வாய்ப்புற்று உண்டாக்கும்.

தொந்தரவு எதுவும் இல்லாமல் வருஷா வருஷம் ஸ்கேன் தேவையில்லை. குரல் கம்மல் 3 வாரம் தாண்டினால் அடுத்த இருமல் மருந்து பாட்டில் வாங்காமல் இ.என்.டி. டாக்டரிடம் போங்கள். காதில் கோளாறில்லாமல் ஒரு பக்கம் மட்டும் காதுவலி, கழுத்தில் வலியில்லாத கட்டி, சோறு இறங்கும்போது தடை, இவற்றுக்கும் அப்படியே. மூக்கில் மரப்பு மருந்து அடித்து, மெல்லிய கேமரா குழாயை விட்டு, 'ஈ' என்று சொல்லச் சொல்லி குரல்நாண் அசைகிறதா என்று பார்ப்பார். சில நிமிட வேலை. மரப்பு போகும்வரை எதுவும் குடிக்காதீர்கள், புரையேறும். குரல்நாணில் சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் கதிர்வீச்சிலேயே 10 பேரில் 9 பேருக்குக் குணமாகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. 'அந்த வீட்டில் கேன்சர் உண்டு' என்று சம்பந்தம் பேச வந்தவர்கள் திரும்பிப் போகிறார்கள். அதற்குப் பயந்து ரிப்போர்ட்டைக் கிழித்து அடுப்பில் போடுகிற வீடுகள் இருக்கின்றன. வயிறு எரிகிறது. பிறகு பிள்ளைகளுக்கு எது வந்தது என்றே தெரியாமல் போகிறது. உங்கள் வீட்டிலும் காகிதம் இல்லையென்றால், பழைய ஓ.பி. நம்பரோடு பார்த்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு பிரிவில் நகல் கேளுங்கள்.