நல்லூர்க் கோபுரம் சரியாமல் மெயிலில் போய்ச் சேர

வணக்கம் தங்கச்சி. நட்சத்திரக் குறியும் சாய்கோடும் வைத்து வரைந்த நல்லூர்க் கோபுரம், ரொறன்ரோவில் இருக்கும் மாமாவின் ஜிமெயிலில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு நேரம் இருந்து செய்திருப்பீர்கள்! உங்கள் படத்தில் பிழையில்லை, எழுத்துருதான் காரணம். ஏரியல் போன்றவற்றில் ஒவ்வொரு குறிக்கும் ஒவ்வொரு அகலம். வெற்றிடம் நட்சத்திரக் குறியைவிட ஒடுக்கம். நீங்கள் நோட்பேடில் வரைந்தபோது எல்லாம் ஒரே அகலமாக இருந்திருக்கும்.

எழுத்துரு, நிறம் போன்ற அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் உரையாக (plain text) அனுப்பச் சொல்லிப் பலர் சொல்வார்கள். ஜிமெயிலுக்கு அது சரிவராது, வெறும் உரையையும் அது ஏரியல் மாதிரியான எழுத்தில்தான் காட்டும். அதனால் படத்தை ஒட்டிய பிறகு முழுவதையும் தெரிவுசெய்து, எழுத்துருப் பட்டியலில் நிலையான அகலம் உள்ளதைக் கொடுங்கள். டேப் விசையை மட்டும் தொடவே வேண்டாம், வெற்றிடமே போடுங்கள்.

இன்னொன்று, கோபுரத்துக்குள் 'முருகா' என்று தமிழில் எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? ஒரே அகல எழுத்துருக்களிலும் தமிழ் எழுத்துகள் அந்த ஒரே அகலத்துக்குள் அடங்குவதில்லை. அந்த வரி கட்டாயம் விலகும். அதைப் படத்துக்குக் கீழே தனி வரியாக வையுங்கள், ஆசை விட்டுப்போகாது.

வரி நீளம் 78 குறிகளுக்குள் இருக்கட்டும், மின்னஞ்சல் விதிமுறையின் பரிந்துரை அதுதான். மாமா போனில் பார்ப்பவர் என்றால் அதுவும் மடங்கிவிடும். அப்போது திரையைப் படம்பிடித்து இணைத்து அனுப்புங்கள்.